அளக்காத பற்றரி

ஒக்டோபர் 7, செவ்வாய்

காலையில் நல்ல வெயில். இரண்டு மணிக்கு மேல் வழக்கமான மழை. குடை வீட்டில், நான் கடையில். அம்பிட்டிய பஸ்ஸில் ஜன்னலோரம், அதுவும் மூட முடியாத ஜன்னல்.

இன்று: போன் சார்ஜிங் வாய் நான்கு. திரை இரண்டு. தேத்தண்ணி ஊற்றிய லெப்டொப் ஒன்று. பிழைக்காது என்று தெரியும். அந்தப் பிள்ளை நின்று கண்ணைக் கசக்கியதால் "வச்சிட்டுப் போங்க, பார்ப்போம்" என்று வாங்கி வைத்தேன். முதலாளி முறைத்தார்.

போனில், எங்கள் கைப்பெட்டிக் குரூப்பில் விடிந்ததிலிருந்து சண்டை. பாதிச் செய்தி அஸ்மத்தைப் பற்றி. மீதிப் பாதி அஸ்மத்திடமிருந்து.

கலகெதரப் பையன், குரூப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகவில்லை. வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் ஆணியும் பெயின்டும் விற்றுக்கொண்டே கைப்பெட்டிக்கு ஒரு சர்க்யூட் போர்ட் வரைந்து, செய்வித்து, அது ஓடுகிற வீடியோவையும் போட்டுவிட்டான். புதுச் சிப். கார் ரேஸ் ஒரு தடங்கலில்லாமல் ஓடுகிறது. கீழே கைதட்டல், நெருப்பு, இதயம். யாரோ ஒருவர், "அஸ்மத்தின் கைப்பெட்டி சூப்பர்!"

அஸ்மத்தின் கைப்பெட்டியா? கைப்பெட்டி என்று பெயர் வைத்தது யார்? கையில் பிடித்துக் கேம் விளையாடுகிற கம்பியூட்டரை நாமே செய்து, உடைந்தால் நாமே திருத்தினால் என்ன என்று மூன்று வருடத்துக்கு முன், குரூப்பை நடத்துகிற தவம் அண்ணையிடம் கேட்டது யார்? பழைய சிப்புக்கு ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உட்கார்ந்து மென்பொருள் எழுதியது யார்? இந்த மேகலாதான். எனக்கு ஒரு நெருப்புப் படம்கூட யாரும் போட்டதில்லை.

இனி இந்தக் கொப்பியில் அவன் பெயரை முழுதாக எழுதப் போவதில்லை. "அ." போதும். அதுவே அதிகம்.

ஒக்டோபர் 8, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

தவம் அண்ணை குரூப்பில் அறிவித்துவிட்டார். ஞாயிறு மூன்று மணி, வழக்கமான டியூஷன் வகுப்பு மாடி. இரண்டு போர்டில் ஒன்றைத்தான் இருபது பிரதி அடிக்க ஃபெக்டரிக்கு அனுப்பலாம். வாக்கெடுப்பு. அதற்குப் பிறகு கதை இல்லை.

ஞாயிறு பேசுவதற்குக் குறிப்பு:

- பழைய சிப் (என்னுடையது). மெதுவு. புதுக் கேம் ஓடாது. ஆனால் அதன் உள்விபரம் முழுக்க யாரும் வாசிக்கலாம். பத்து வருடம் போனாலும் திருத்தலாம்.
- புதுச் சிப் (அ.). வேகம். கொஞ்சம் சூடு. படம் காட்டுகிற மென்பொருளைக் கம்பனி பூட்டி வைத்திருக்கிறது. அவர்கள் கைவிட்டால் நாங்களும் கைவிட வேண்டியதுதான்.
- முக்கியம்: என் மென்பொருள் பழைய சிப்பில் மட்டும்தான் ஓடும். அ. வென்றால் மூன்று வருடம் குப்பைக்கு. (இதைக் கூட்டத்தில் சொல்லக் கூடாது. அழுகிற மாதிரி இருக்கும்.)

நியாயமான வாதம். பொறாமையில் சொல்லவில்லை. சரி, பொறாமையிலும்தான். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாதா?

குரூப்பில் இன்னொரு மூலையில் பொத்தான் சண்டை. றப்பர் பொத்தானா, டிக் டிக் பொத்தானா. ஒருவர் எழுதியிருந்தார்: "டிக் டிக் வேண்டாம், என் மனைவி எழும்பி விடுவார்." இதற்கு ஒரு மணி நேர விவாதம்.

சாப்பிடும்போது இவர் என் போனை எட்டிப் பார்த்தார். அந்த வீடியோ.

"நல்லா செஞ்சிருக்கான்ல அந்தப் பையன்? கையில எடுத்துப் பாக்கணும் போல இருக்கு."

"அப்ப கலகெதரைக்கே போங்க. சோறும் அங்கயே போடுவாங்க."

"இப்ப நான் என்னா சொல்லிட்டேன்?"

என் கைப்பெட்டியை இந்த மனிதர் மூன்று வருடத்தில் ஒரு தரமாவது "எடுத்துப் பாக்கணும்" என்று சொன்னதுண்டா? பருப்பில் உப்பு இல்லை என்பதையும் நான் சொல்லவில்லை. சாப்பிடட்டும்.

ஒக்டோபர் 9, வியாழன்

மத்தியானம் அ. கடைக்கே வந்தான். குடையை வெளியில் உதறிவிட்டு, செருப்பையும் கழற்றப் போனான். கடைக்குள் யாராவது செருப்புக் கழற்றுவார்களா? மரியாதைக்காரன் வேஷம். இல்லை, வேஷம் இல்லை, அவன் அப்படித்தான். அதுதான் கூடுதல் எரிச்சல்.

"அக்கா, ஞாயித்துக்கெழமைக்கு ஒரு பற்றரி வேணும். பிளாஸ்டிக் கவர் அண்டைக்குத்தான் கெடைக்கும். அதுவரைக்கும் வயர்ல ஓட்டுறன். அங்க வெச்சித்தான் பற்றரிய மாட்டோணும்."

குரூப்பில் எல்லோருக்கும் பற்றரி நான்தான். கடைக்கு வரும் சரக்கோடு சேர்த்து எடுத்துத் தருவேன்.

கூடவே ஒரு டின். "உம்மா வட்டிலப்பம் குடுத்தனுப்பின. உங்களப் பத்தி ஊட்ல எப்பவும் செல்றதுதானே."

என்ன சொல்வான்? "பழைய சிப்பைப் பிடித்துத் தொங்குகிற அக்கா" என்றா? கேட்கவில்லை. அந்த நேரம் கவுண்டரில் மூன்று பேர், ஒருவர் சிங்களத்தில் கத்திக்கொண்டு. பெட்டியிலிருந்து ஒரு பற்றரியை எடுத்து அ. கையில் கொடுத்தேன். போனான்.

வட்டிலப்பம் நன்றாக இருந்தது. இவருக்கு வைக்காமல் முழுவதையும் கடையிலேயே தின்றேன். டின்னைக் கழுவி வைத்தாயிற்று. வெறும் டின்னாகத் திருப்பிக் கொடுக்க முடியாது, ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அது வேறு வேலை.

பஸ்ஸில் ஏறிய பிறகு கைப்பையில் சீப்பைத் தேடினால் ஊசி விரலில் குத்தியது. பிளக் ஊசி.

அப்போதுதான் உறைத்தது. அந்தப் பற்றரிச் சரக்கில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் எங்கள் போர்டுக்கு எதிர்ப்பக்கமாக வரும். எப்போதும் அப்படித்தான். ஊசியால் பிளக்கின் நாக்கை நெம்பி, இரண்டு வயரையும் கழற்றி, இடம் மாற்றிக் குத்தித்தான் யாருக்கும் கொடுப்பேன். மூன்று வருடப் பழக்கம். இதை நான் செய்கிறேன் என்பதே குரூப்பில் ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

இன்று மாற்றாமல் கொடுத்துவிட்டேன். அப்படியே மாட்டினால் போர்ட் எரியும்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேங்காய் துருவினேன். உடுப்பு மடித்தேன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

சொல்லவில்லை.

காரணங்கள்:
1. காலையில் வேலை.
2. மத்தியானம் அவன் ஜும்ஆவுக்குப் போயிருப்பான்.
3. போர்ட் வரைகிற ஆள் பற்றரியை அளக்காமல் மாட்டுவானா? எந்த வயர் பிளஸ், எது மைனஸ் என்று மீற்றர் வைத்துப் பார்ப்பது முதல் பாடம். நான் சொல்லித்தானா அவனுக்குத் தெரிய வேண்டும்? சொன்னால் அவமானப்படுத்துகிற மாதிரி இருக்கும்.

மூன்றாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாள் முழுக்க அதையே வைத்துக்கொண்டு இருந்தேன்.

தேத்தண்ணி லெப்டொப் செத்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கெட்ட செய்தி சொல்வது எனக்குக் கஷ்டமில்லை என்று தெரிகிறது. ஆள் யார் என்பதைப் பொறுத்தது போல.

ஒக்டோபர் 11, சனி

அம்மாவுக்குத் தீபாவளிச் சேலை கொடுக்கப் புசல்லாவை போய் வந்தேன். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பாதையெல்லாம் பனி. தோட்டத்தில் கொழுந்து எடுத்து முடித்துச் சனம் ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தது.

பஸ்ஸிலேயே முடிவு எடுத்துவிட்டேன். இறங்கியதும் அ.வுக்குப் போன் எடுப்பது. "தம்பி, வயர் மாறியிருக்கு, ஊசியால மாத்திடுங்க." அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை. போன் கையில், நம்பரும் எடுத்தாயிற்று.

வாசலில் தம்பி பிரபு நின்றான். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன், ஆபீஸ் நேரத்தில் கேம் விளையாடுகிறவன்.

"அக்கா, கண்டியில யாரோ ஒருத்தர் கையில வச்சி வெளாடுற கம்பியூட்டர் செஞ்சிருக்காராமே. எங்காபீஸ்ல எல்லாருக்கும் வீடியோ வந்திருக்கு. ஒனக்கு அவரத் தெரியுமா?"

"தெரியும்."

"நெசமாவா? பேசியிருக்கியா?"

பேசியிருக்கியாவாம்! என் கூடப் பிறந்தவன். முதல் கைப்பெட்டியை இவன் மடியில் வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். "பட்டன் கல்லு மாதிரி இருக்குக்கா" என்று சொல்லித் திருப்பித் தந்தவன். அவனுக்கு நான் அக்கா, அ. "அவரு".

போனைக் கைப்பையில் போட்டு வாயை இழுத்து மூடினேன். பையின் வாயைத்தான்.

அம்மா: "என்னடி மொகம் இப்பிடி இருக்கு? மருமகன் ஏதும் சொன்னாரா?" ஒன்றும் இல்லை என்றேன். பஸ்ஸில் தலைசுற்றல் என்றேன். கோப்பியில் இஞ்சி போட்டுத் தந்தாள்.

திரும்பி வரும்போதும் போன் கைப்பையில்தான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தொன்பது பேர். கதிரை போதாமல் சிலர் வாங்கில். தவம் அண்ணை வங்கிக்குப் போகிற அதே சேட்டில்.

முதலில் நான். நன்றாகப் பேசினேன். "இந்தப் புதுச் சிப்புக்கு உள்விபரம் எங்க இருக்கு? நாளைக்குக் கம்பனி கைவிட்டா யாருகிட்ட கேப்பீங்க? பழுதானா தூக்கி எறியவா நாம இத ஆரம்பிச்சோம்?" பின் வரிசையில் ஒருவர், "அக்கா சொல்றதும் சரிதான், ஆனா ரேஸ் ஓடாதே." சிரிப்பு. மற்றவர், "ரேஸ் வேணும்னா போன்ல வெளாடு." அதற்கும் சிரிப்பு.

அப்புறம் அ. எழுந்து ஒரே வரி. "நான் பேசல்ல, காட்டுறன்." கவருக்குள் போர்டை வைத்தான். பற்றரியை எடுத்தான். வெள்ளைப் பிளக். சட்டைப்பையில் மீற்றர் இல்லை. மேசையிலும் இல்லை.

அவன் விரல் பிளக்கில். நான் வாயைத் திறந்தேன். "ஒரு நிமிஷம்" என்று வந்திருக்க வேண்டும். இருமல்தான் வந்தது.

டிக் என்று ஒரு சத்தம். மெல்லிய புகை. திருத்து வேலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அந்த நாற்றம். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். அ. பிளக்கைப் பிடுங்கிவிட்டு விரலை ஊதிக்கொண்டு நின்றான்.

எழுந்து போனேன். பற்றரியை வாங்கினேன். கைப்பையிலிருந்து ஊசி. நாக்கை நெம்பி, வயரைக் கழற்றி, மாற்றிக் குத்தினேன். "வயர் எதிர்ப்பக்கம். சார்ஜிங் சிப்தான் போயிருக்கும், பெரிய சிப் தப்பியிருக்கும்" என்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தவம் அண்ணை: "என்னெண்டு பாத்தவுடனை கண்டுபிடிச்சனீர்? உம்மடை கை கையல்ல பிள்ளை!"

கைதட்டல். எனக்கு. மூன்று வருடத்தில் முதல் தரம்.

"பற்றரி மாட்டினதும் எரியிற போர்டை எப்படி நம்புறது?" என்று ஒருவர் கேட்டார். வாக்கெடுப்பு. பழைய சிப் பன்னிரண்டு, புதுச் சிப் ஏழு. வென்றேன்.

கதிரைகளை அடுக்கும்போது அ. பக்கத்தில் வந்தான். மெதுவாக.

"அக்கா, நீங்க மீற்றர் வைக்கல்லயே. எப்பிடித் தெரிஞ்ச?"

"அனுபவம்" என்றேன். பிறகு சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே. "நீங்க ஏன் அளக்காம மாட்டினீங்க? அதான முதல் பாடம்?"

"நீங்க தந்ததுதானே. வேற யாரு தந்தாலும் அளப்பன். நீங்க தந்தத நான் ஒருநாளும் அளக்கிறதில்ல."

போர்டைத் திருத்தித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அம்பிட்டிய பஸ்ஸில் இடம் கிடைத்தது. இவர் "ஜெயிச்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப ஏன் ஒரு மாதிரி?" தலைவலி.

ஒக்டோபர் 13, திங்கள்

மழை. கடையில் கூட்டமில்லை.

குரூப்பில் வாழ்த்து. எனக்கு நெருப்புப் படம் பதினொன்று. எண்ணினேன். வெட்கம் கெட்டவள்.

அ. எழுதியிருந்தான்: "பிழை என்னுடையது, பற்றரியை அளக்காமல் மாட்டிவிட்டேன். மேகலா அக்காவுக்கு நன்றி." நன்றியாம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும்.

மத்தியானம் அவன் போர்டைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். குறை கண்டுபிடிக்கலாம் என்ற ஆசையில்தான். சோல்டர் எல்லாம் சுத்தம். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் என்ன பாகம் என்று எழுத்து, அதுவும் திருத்துகிறவர் பார்க்கிற திசையில். நான் என் போர்டில் அதைச் செய்யவில்லை. இடம் போதாது என்று விட்டேன். அவன் போர்ட் என்னுடையதைவிடச் சின்னது.

எரிந்த சிப்பைச் சூடு காட்டி எடுத்தேன். செத்த போன் ஒன்றிலிருந்து அதே சிப். சரியாக உட்கார்ந்தது. பற்றரியை மூன்று தரம் அளந்தேன். மாட்டினேன். ஓடியது.

ரேஸ் விளையாடினேன். ஒரு தரம் பார்க்கலாம் என்று. முதலாளி வந்து "கடையைச் சாத்துறதில்லையா?" என்று கேட்கும்வரை. சனியன், நன்றாகத்தான் இருக்கிறது. என் பெட்டியில் அந்த வேகம் ஒருநாளும் வராது. அது எனக்கு வீடியோ பார்த்த அன்றைக்கே தெரியும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

தவம் அண்ணை கேட்டார்: "அப்ப பழைய சிப் போர்டை அடிக்க அனுப்பட்டோ? ஓமெண்டா இண்டைக்கே அனுப்பிறன்."

ஓம் என்று அடித்தேன். அழித்தேன். திரும்ப அடித்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

கடைசியில் குரூப்பில் போட்டது இது: "அனுப்ப வேண்டாம். அந்தப் பற்றரிகளில் வயர் மாறித்தான் வரும். எப்போதும் நான் மாற்றித்தான் தருவேன். இந்தத் தரம் மாற்ற மறந்து கொடுத்துவிட்டேன். போர்டில் பிழையில்லை, திருத்திவிட்டேன், ஓடுகிறது. வாக்கைத் திரும்ப எடுங்கள்."

"பெரிய மனசு அக்கா." "இப்படி யார் ஒத்துக்கொள்வார்கள்?" கும்பிடும் கைகள் வரிசையாக. தவம் அண்ணை தனியாக, "நேர்மையான பிள்ளை."

மறந்தது வியாழன் மத்தியானம். வியாழன் பின்னேரத்திலிருந்து ஞாயிறுவரை மறக்கவில்லை. அந்த மூன்று நாளை எழுதவில்லை. பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. அதற்கும் ஒரு கைதட்டல் வாங்கிக்கொண்டேன்.

அ. மட்டும் ஒன்றும் எழுதவில்லை. பார்த்திருக்கிறான், தெரிகிறது.

ஒக்டோபர் 17, வெள்ளி

குரூப்பிலேயே வாக்கெடுப்பு முடிந்தது. புதுச் சிப் பதினைந்து, பழைய சிப் நான்கு. நான் எனக்குத்தான் போட்டேன். நல்லவளாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மூன்று வருட மென்பொருளை ஒரு சின்ன மெமரி கார்டில் ஏற்றி அலுமாரியில், கல்யாண அல்பத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அழுதேன். இவர் பார்த்துவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைந்தார். சம்பலும் அவரே. உறைப்பு அதிகம். தின்றேன்.

பின்னேரம் முறுக்குச் சுட்டேன். தீபாவளிக்கென்று சொன்னேன். அந்த டின் நிறைய எடுத்து வைத்தேன்.

ஒக்டோபர் 18, சனி

கலகெதர. குருநாகல் பஸ், ஒன்றரை மணி நேரம், பாதை திருத்த வேலை.

ஹாட்வெயார் கடை நினைத்ததைவிடச் சின்னது. முன்னால் வாளிகளும் மண்வெட்டிகளும், பின்னால் மூலையில் ஒரு மேசை, சோல்டர் கோல், ஒரு விளக்கு. அங்கே வைத்துத்தான் அதைச் செய்திருக்கிறான். என் கடையில் எனக்கு இருக்கிற சாமானில் பாதிகூட இல்லை. அதைப் பார்த்ததும் திரும்பவும் வயிறு எரிந்தது. இந்த வயிறு திருந்தாது.

அஸ்மத் ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். "வாங்க அக்கா, இரிங்க" என்று கதிரையைத் துடைத்துப் போட்டான். வாப்பா தேத்தண்ணிக்குச் சொன்னார்.

ஆணி வாங்கியவர் போனதும் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே.

"தம்பி, குரூப்ல எழுதினது பாதிதான். வியாழக்கெழம பஸ்ல போகயிலயே எனக்கு ஞாபகம் வந்திருச்சு. மூணு நாளு இருந்துச்சு. சொல்லல. ஒங்க போர்ட் எரியட்டும்னுதான் சொல்லல."

கடைசி வரியை இதுவரை இந்தக் கொப்பியில்கூட எழுதியிருக்கவில்லை.

அவன் தராசிலிருந்த மிச்ச ஆணிகளைப் பெட்டியில் போட்டான். ஒவ்வொன்றாக.

"எனக்கு அண்டைக்கே விளங்கின அக்கா. மீற்றர் வைக்கல்ல, ஊசி மட்டும் பேக்குக்குள்ள ரெடியா இருந்திச்சி."

தேத்தண்ணி வந்தது. குடித்தேன். டின்னைக் கொடுத்தேன். திறந்து பார்த்து, "உம்மாக்கு முறுக்கெண்டா உசிரு" என்றான். சிரித்தான்கூட. போர்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, "சிப் மாத்தின எடமே தெரியல்ல" என்றான். பொய்ப் பாராட்டு இல்லை, நிஜமாகத்தான் சொன்னான்.

பற்றரியைக் கொடுத்தேன். வாங்கினான். பிளக்கைப் பார்த்தான். மேசை லாச்சியைத் திறந்து மீற்றரை எடுத்தான். சிவப்பு முனை, கறுப்பு முனை. என் முகத்தைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தான்.

"சரியா ஈக்கி அக்கா" என்றான்.

அதற்குப் பிறகுதான் மாட்டினான்.